என் சகலை மறந்த குடை

எனக்குக் குடைகள்மேல் பொதுவாக எந்த விரோதமும் கிடையாது. ஒரே ஒரு குடையைத்தான் பிடிக்காது. கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி, ஒரு கம்பி ஒடிந்து ஒரு பக்கம் தொங்கும். என் சகலையுடையது.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். டயர் ஷோரூமில் மேனேஜர். நான் பிரிட்ஜ் மெக்கானிக். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரில் ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடுவது உலக வழக்கம். எங்கள் விஷயத்தில் எப்போதும் நான்தான் அந்த ‘இன்னொருவன்’. சகலை தும்மினால்கூட என் மனைவி, “அத்தான் தும்மறதுலயும் ஒரு நிதானம் இருக்கு பாருங்க” என்பாள். நான் தும்மினால், “வாயைப் பொத்துங்க” என்பாள். எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இதிலென்ன ஒளிவுமறைவு?

இனி அந்தக் குடை பெரிய மனுஷக் குடையான கதைக்கு வருகிறேன். புறவழிச்சாலை திரும்புகிற இடத்தில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, மக்கள் பங்கேற்புக் கலைப் பேரவை ஒரு திறந்தவெளிக் கலைக்கூடம் அமைத்தது. தரையில் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு வெள்ளை வட்டம். அதற்குள் கொக்கி வைத்த இரும்புக் கம்பங்கள். ஓரத்தில் பெரிய பலகை: ‘வாருங்கள்! பங்கேற்பீர்! உங்கள் பொருளே கலை! நீங்களே கலைஞர்!’ பங்கேற்க வருபவர்களை வரவேற்க ஓர் அலுவலர், அவருக்கு ஓர் உதவியாளர், இருவரையும் காக்க ஒரு காவலாளி. கோடை முழுவதும் ஒருவரும் வரவில்லை. அலுவலர் உதவியாளரை வரவேற்றார், உதவியாளர் காவலாளியை வரவேற்றார். பேரவை ஆய்வுக் கூட்டம் போட்டு, மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று முடிவு செய்தது.

அப்போதுதான் என் சகலையின் கார் பழுதாகி, அவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். கை வலித்தது, பக்கத்தில் கொக்கி தெரிந்தது, குடையை மாட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் பேரவை, காக்கையையும் பாராட்டி பனம்பழத்தையும் பாராட்டி பனைமரத்துக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தது.

குடைக்கு உரியவரைத் தேடிக் கண்டுபிடித்து மேடை போட்டு விழா எடுத்தார்கள். நாங்களும் குடும்பத்தோடு போயிருந்தோம். பேரவைத் தலைவர் நல்ல கனமான மனிதர், குரலும் கனம். மைக்கை நெருங்கிப் பிடித்துக்கொண்டார்.

“நண்பர்களே! வாங்க, பங்கேற்றுக்கங்கன்னு மக்களை இவ்வளவு காலமா கெஞ்சினோம். யாரும் வரல. இப்பதான் புரியுது, கேட்டதே தப்பு! மக்கள் தங்களுக்கே தெரியாமதான் பங்கேற்கணும். யோசிச்சுப் பாருங்க, நம்ம பேரவைக்கு நிதியும் அவங்க அப்படித்தானே குடுக்கறாங்க?”

பலத்த கைதட்டல். அடுத்து என் சகலையைப் பேசச் சொன்னார்கள். “நான் ஒண்ணுமே நெனக்கல. எனக்குப் பொதுவா எதையும் நெனக்கற பழக்கம் இல்லை” என்றார். அதற்கு முந்தையதைவிடப் பெரிய கைதட்டல். என் மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. எங்கள் கல்யாணத்தில்கூட அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் செய்தித்தாளில் சகலையும் குடையும் சேர்ந்து நிற்கிற படம். என் மனைவி அதைக் கத்தரித்து, காந்தம் வைத்து எங்கள் பிரிட்ஜின் கதவில் ஒட்டினாள். நான் ஊர் பிரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவன். என் வீட்டுப் பிரிட்ஜில் என் சகலை சிரித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் எடுக்கப் போனால் சிரிக்கிறார், தயிர் எடுக்கப் போனால் சிரிக்கிறார். கொஞ்ச நாளில் நான் பிரிட்ஜையே திறக்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டேன்.

“காதுல புகை வருது உங்களுக்கு” என்றாள் மனைவி.

அன்றே முடிவு செய்தேன். என்னுடைய பொருளும் அந்த வட்டத்துக்குள் ஏற வேண்டும். என் படமும் அந்தக் கதவில் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்து என் மனைவி ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, கண் கலங்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்றை எடுத்தேன். குறுக்கே அறுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும்படி செய்தேன். வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து இதிலேயே உட்கார்ந்தேன். அழகாகத்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குப் போனேன். அலுவலர் நாற்காலியில் இருந்தார். குடை வந்த பிறகு அவருடைய பதவிக்குத் தற்செயல் அலுவலர் என்று பெயர் மாற்றியிருந்தார்கள்.

“என்ன சார் இது?”

“கம்ப்ரஸர். பங்கேற்கலாம்னு வந்தேன்.”

அவர் முகம் வாடியது. “பங்கேற்கணும்னு நெனச்சா கொண்டாந்தீங்க?”

“ஆமா.”

“அப்போ முடியாதே சார். உங்ககிட்ட நோக்கம் இருக்கு. நோக்கத்தோட வர்றவங்க பங்கேற்க முடியாது.”

“போர்டுல வாங்கன்னு போட்டிருக்கே?”

“அந்த போர்டு கலைப்படைப்போட ஒரு பகுதி சார். அதைப் படிச்சுட்டு யாரும் வரக்கூடாது.”

“கம்ப்ரஸர் நல்லாயிருக்கா, இல்லையா? அதையாவது சொல்லுங்க.”

“ரொம்ப நல்லாயிருக்கு. அதான் பிரச்சினையே. யாரோ உக்காந்து உழைச்சிருக்காங்கன்னு பாத்த உடனே தெரியுது” என்றார். அருகில் அந்தக் குடை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் உழைக்கவில்லை.

சரி, நோக்கம்தானே தடை? அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் வட்டத்தின் ஓரமாக நடந்தேன். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை நழுவவிட்டு மேலே நடந்தேன். தற்செயல் அலுவலர் ஓடி வந்து அதை என் கையில் திணித்தார்.

“மறந்துட்டேன் சார்! நெசமாவே மறந்துட்டேன்!” என்றேன்.

“திரும்பிப் பாத்தீங்க. மறந்தவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. உங்க சகலை பாத்தாரா? பஸ்ல ஏறி உக்காந்து தூங்கிட்டார் சார், தூங்கிட்டார்!” அவர் குரல் தழுதழுத்தது.

என்மேல் அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பேரவை நடத்துகிற தற்செயல் பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னார். என்னைப் போல நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். வட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு தையல்காரர். அவருடைய மைத்துனர் காலிலிருந்து அறுந்து விழுந்த செருப்பு, என் சகலையின் குடைக்கு நேர் எதிர்க் கம்பத்தில் தொங்குகிறதாம். சொல்லும்போதே மனிதருக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததுமே புரிந்துகொண்டோம்.

வகுப்பில் எண்ணமில்லாமல் நடப்பது எப்படி, கையில் இருப்பதைக் கை அறியாமல் விடுவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த வகுப்புக்குள் எதையாவது மறந்துவிட்டு வர வேண்டும் என்று வீட்டுப்பாடம். எல்லாரும் எதையோ மறந்துவிட்டு, எதை மறந்தோம் என்று சரியாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் பூஜ்யம். ஒருவர் மட்டும் வகுப்பு இருப்பதையே மறந்து கடைசிவரை வரவில்லை. அவருக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். வாங்கவும் அவர் வரவில்லை. அன்று நாங்கள் எல்லாரும் அவரை எவ்வளவு வெறுத்தோம் தெரியுமா?

பயிற்சி வீண் போகவில்லை. ஆனால் அது வேலை செய்ய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் வேலை செய்தது. ஒரு வீட்டுப் பிரிட்ஜுக்குள் என் ஸ்பேனரை வைத்து மூடிவிட்டு வந்தேன். இன்னொரு வீட்டில் பிரிட்ஜைச் சரிசெய்துவிட்டு, கழற்றிய கதவை மாட்டாமல் வந்துவிட்டேன். வட்டத்துக்குப் பக்கத்தில் போனால் மட்டும் எல்லாம் நன்றாக ஞாபகம் வந்தது. தலைகீழாக நின்றாலும் அங்கே எனக்கு மறதி வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவி, “விழாக் கூட்டத்துல அந்தக் குடையைக் கிட்டப் போய்ப் பாக்கவே முடியல. அக்கா தினமும் கேக்கறா. ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்” என்றாள்.

வெந்த புண்ணில் வேல். ஆனாலும் ஒரு சாயங்காலம் பைக்கில் அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். வண்டியை வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கி உள்ளே போனாள். குடையை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், ஒடிந்த கம்பியைக் குனிந்து பார்த்தாள். “எவ்வளவு இயல்பா தொங்குது!” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போதும், ஏறு” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். குடையில் என்ன இருக்கிறது, உன் அத்தானிடம் என்ன இருக்கிறது, ஒரு கம்ப்ரஸரை அறுத்துப் பார்த்தால் தெரியும் யார் கலைஞன் என்று. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசாததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, “சாவியைக் குடு” என்று கையைப் பின்னால் நீட்டினேன். கை காற்றைத் துழாவியது. பின்னால் யாருமே இல்லை.

வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பிப் போனேன். வட்டத்தைச் சுற்றி அதற்குள் கூட்டம் இரண்டு வரிசை கட்டியிருந்தது. குடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்ந்து என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். எதிரே ஒரு சின்ன அட்டை: ‘கணவரால் மறக்கப்பட்டது. பொருள்கள்: பெண், கைப்பை, கோபம்.’

தற்செயல் அலுவலர் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். “சாதிச்சுட்டீங்க சார்! திரும்பியே பாக்கலையே! நான் கண்ணால பாத்தேன், திரும்பியே பாக்கல!”

பேரவைத் தலைவர் தகவல் கேட்டு ஓடி வந்திருந்தார். மைக் எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது.

“நண்பர்களே! குடையை யார் வேணும்னாலும் மறக்கலாம். ஆனா பின்னாடி ஏறவேண்டிய மனைவியை மறக்கறதுன்னா எவ்வளவு பெரிய மனசு வேணும்! இந்தப் பயிற்சி நம்ம பேரவை குடுத்தது. நானே என் குடும்பத்தைப் பல வருஷமா மறந்துட்டுத்தான் இந்தப் பேரவைக்கு உழைக்கறேன். என்னை யாராவது எந்த வட்டத்துலயாவது வெச்சீங்களா?” அவர் குரலில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு எரிச்சல் இருந்தது.

நான் கயிற்றை நெருங்கினேன். “வா, போலாம்.”

“உங்க ஆபீசர்தான் விடமாட்டேங்கறார். ஆண்டு ஆய்வு முடியற வரைக்கும் படைப்பை எடுக்கக் கூடாதாம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா போன் பண்ணினா. ‘எங்க வீட்டுக்காரர் குடையத்தானே மறந்தாரு, உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளுதான்’னா. குரலே சரியில்லை” என்றாள்.

“பொறாமையா?” என்று கேட்டேன். கேட்கும்போதே என் நெஞ்சில் இதமாக இருந்தது.

அவள் என்னை முறைத்தாள். அலுவலர் என் காதருகே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஒரே ஒரு வழி இருக்கு சார். நீங்க வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா, நோக்கம் வந்துடும். படைப்பு ரத்து. கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க சார். நாளைக்குப் பேப்பர்ல முதல் பக்கம்.”

முதல் பக்கம். குடை வந்தது உள்பக்கத்தில். என் சகலை டயர் ஷோரூமில் உட்கார்ந்து அந்த முதல் பக்கத்தைப் பிரிப்பதை மனதில் பார்த்தேன். அவர் வீட்டுப் பிரிட்ஜில் என் முகம். இதற்குத்தானே இத்தனை பாடு? மறுபக்கம், கட்டிய மனைவியைப் பார்த்து, உன்னை வேண்டுமென்றே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனேன் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குப் படமும் இல்லை, மானமும் இல்லை.

“என்ன யோசிக்கறீங்க?” என்றாள் அவள். நான் யோசிப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் சின்னதாகிப் போனது.

அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது. தலைவர் மைக்கைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கூரைக்கு ஓடினார். காவலாளி ஓடினார். கூட்டம் பஸ் நிறுத்தத்தில் ஒண்டியது. என் மனைவி மட்டும் கயிற்றுக்குள் நனைந்துகொண்டு நின்றாள். “படைப்பு நனையுதே!” என்று யாரோ கேட்டதற்கு, “வானிலையும் பங்கேற்புதான்” என்று கூரைக்கு அடியிலிருந்து தலைவர் பதில் சொன்னார்.

“வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்!” என்று கத்தினேன்.

அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார். “எண்ணம் இருந்துச்சா சார்?”

“இருந்துச்சு. வண்டிய எடுக்கறப்பவே இருந்துச்சு. வீட்லருந்து கிளம்பறப்பவே இருந்துச்சு. போதுமா?”

“படைப்பு ரத்து” என்றார் அலுவலர், எழவு சொல்லுகிற குரலில். கயிறு அவிழ்ந்தது. நான் போய் வண்டியைக் கிளப்பினேன். இந்தத் தடவை தோளில் அவள் கை விழுந்து, கனத்தை உணர்ந்த பிறகுதான் நகர்ந்தேன். கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்து, “மனுஷனா இவன்?” என்றது காதில் விழுந்தது.

பாதி தூரம் அவள் பேசவில்லை. ஆள் இருக்கிறாளா என்று நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

“நெசமாவே வேணும்னுதான் விட்டுட்டுப் போனீங்களா?” என்றாள் கடைசியில்.

“ம்… ஆமா.”

“பொய்.” முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது. “மறந்துதான் போயிட்டீங்க. வேணும்னு விட்டிருந்தாலாவது என் நெனப்பு இருந்திருக்கும்.” பிறகு, “பரவால்ல. அத்தனை பேர் திட்டுவாங்கன்னு தெரிஞ்சும் சொன்னீங்கல்ல. அத்தானா இருந்தா யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னிருப்பார்” என்றாள். அவள் குரல் கரகரத்திருந்தது. திரும்பிப் பார்க்க முடியாதபடி எதிரே ஒரு லாரி வந்தது. நான் அந்த லாரியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

லாரி கடந்த பிறகுதான் கவனித்தேன். மழை வலுத்திருந்தது, ஆனால் என் தலை நனையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேலே கறுப்புத் துணி. ஒரு பக்கம் தொங்கியது.

“என்னது இது?”

“குடை. மழை பெய்யுதுல்ல? பக்கத்துல தொங்கிட்டிருந்துது, எடுத்தேன், இப்ப மழை வலுத்ததும் பிரிச்சேன்…” என்றவள் நிறுத்தினாள். “அய்யய்யோ!”

அவள் ஒன்றும் நினைத்திருக்கவில்லை. சத்தியமாக ஒன்றுமே நினைத்திருக்கவில்லை. மழை, குடை, கை. அவ்வளவுதான்.

மறுநாள் முதல் பக்கத்தில் நானும் இல்லை, சகலையும் இல்லை. வெறும் கொக்கியின் படம் இருந்தது. தலைவர் சொல்லியிருந்தார்: ‘மாட்டுவது எளிது. எடுப்பதே உச்சம். அத்தனை பேர் முன்னிலையில், எங்கள் பாதுகாப்பையும் மீறி, எந்த நோக்கமும் இல்லாமல் எடுத்துச் சென்ற அந்த மாபெரும் கலைஞரை நாங்கள் தேட மாட்டோம். தேடினால் கண்டுபிடித்துவிடுவோமோ என்று அஞ்சுகிறோம்.’ வெறும் கொக்கிக்கு இப்போது இரண்டு காவலாளிகள். தற்செயல் அலுவலருக்குப் பதவி உயர்வு.

என் மனைவி பிரிட்ஜிலிருந்து சகலையை எடுத்துவிட்டு, கொக்கியின் படத்தை ஒட்டினாள். தினமும் அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். அவள் வகுப்புக்குப் போகவில்லை, வீட்டுப்பாடம் செய்யவில்லை, கம்ப்ரஸரை அறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு இப்போது சகலைமேல் பொறாமை அவ்வளவாக இல்லை. இவள்மேல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்கு வந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போனவர் பிரிட்ஜ் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“வெறும் கொக்கி. இதுல என்ன இருக்குன்னு எல்லாரும் இப்படித் தூக்கி வெச்சு ஆடறாங்க?” என்றார். “எவனோ ஒருத்தன் திருடிட்டுப் போயிருக்கான். அதுக்கு முதல் பக்கமா?” கதவைத் திறக்காமலே வந்து உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார். அந்த முகத்தை நான் ஷேவ் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்த்தவன். மனது குளிர்ந்தது, அதே நேரம் பாவமாகவும் இருந்தது.

அவர் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கார் தெருமுனையில் நின்றது. “ஒரு குடை குடும்மா” என்றார். என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினாள். கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி.

சகலை குடையை விரித்தார். அண்ணாந்து பார்த்தார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். தொங்கிய பக்கத்தை விரலால் தட்டினார்.

“கம்பி ஒடைஞ்சிருக்கே. வீட்ல வேற நல்ல குடை இல்லையா? இதையெல்லாம் தூக்கிப் போடாம எதுக்கு வெச்சிருக்கீங்க?”

நான் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

“இருக்கறது அதான் அத்தான்” என்றாள். “மறக்காம கொண்டாந்து குடுத்துடுங்க.”